உங்கள் ஒரு நாளை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: நிகழ்காலம் பழக ஓர் எளிய வழி

‘வாட் டூ யூ டூ?’ என்று ஒருவர் கேட்டால், நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்கிறார். ‘வாட் ஆர் யூ டூயிங்?’ என்று கேட்டால், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறார். பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஓர் ஆசிரியர் முதல் கேள்விக்கு ‘ஐ டீச்’ என்பார். இரண்டாவது கேள்விக்கு ‘ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் எ பஸ்’ என்பார். இரண்டும் உண்மை, இரண்டும் நிகழ்காலம். பாடம் நடத்துவது அவர் வாழ்க்கையின் வழக்கம். பஸ்ஸுக்குக் காத்திருப்பது அந்த நேரத்து நிலைமை. முதல் பதிலின் வடிவத்துக்கு சிம்பிள் பிரசென்ட் என்று பெயர். இரண்டாவதுக்குப் பிரசென்ட் கன்டினியூயஸ் என்று பெயர். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் ஆங்கில நிகழ்காலத்தின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

இதைப் பழகுவதற்கு அன்றாட வாழ்க்கையைவிடப் பொருத்தமான தலைப்பு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பன்னிரண்டு காலங்களை அட்டவணையாக எழுதி மனப்பாடம் செய்வதிலிருந்து பலர் தொடங்குகிறார்கள். அட்டவணையை ஒப்பிக்க முடிகிறது. ‘காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள்?’ என்று கேட்டால் வாய் திறக்க மறுக்கிறது. எழுவது, கிளம்புவது, வேலை செய்வது, தூங்குவது என்று நம் வாழ்க்கை ஏற்கெனவே ஓர் ஒழுங்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லக் கதை எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் தெரிந்ததாக இருக்கும்போது முழுக் கவனத்தையும் வாக்கியத்தின் மீது வைக்கலாம்.

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோல், ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளைக் கொண்டது. தான் எங்கே வசிக்கிறார், தனக்கு யாரையெல்லாம் தெரியும், தன்னிடம் என்னென்ன இருக்கின்றன என்பன போன்ற சொந்த விவரங்களைக் கேட்கவும் சொல்லவும் முடிவது முதல் படியான ஏ1-க்கு உரிய திறன் என்று அது சொல்கிறது. அதற்கு வேண்டிய வினைச்சொற்களைப் பாருங்கள்: லிவ், நோ, ஹேவ். மூன்றும் சிம்பிள் பிரசென்டில் வருபவை. ஆகவே தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

தமிழர்களுக்குச் சிக்கல் எங்கே வருகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் வழக்கத்தைச் சொல்ல நாம் ஒரே ஒரு வடிவத்தைப் பயன்படுத்துவதில்லை. ‘தினமும் ஆறு மணிக்கு எழுகிறேன்’ என்கிறோம். ‘தினமும் ஆறு மணிக்கு எழுவேன்’ என்றும் சொல்கிறோம். ‘ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்றும் சொல்கிறோம். இலக்கணப்படி ‘எழுவேன்’ எதிர்காலம். ஆனாலும் அதைக் கேட்பவர் யாரும் நாளைய திட்டம் என்று எடுத்துக்கொள்வதில்லை. வழக்கம் என்றே புரிந்துகொள்கிறார்கள். தமிழ் இந்த மூன்றையும் இயல்பாக ஏற்கிறது. ஆங்கிலமோ மூன்றுக்கும் மூன்று பொருள் கொடுக்கிறது.

‘எழுவேன்’ என்பதை அப்படியே மாற்றி ‘ஐ வில் கெட் அப் அட் சிக்ஸ் எவ்ரி டே’ என்று சொன்னால், இனிமேல் ஆறு மணிக்கு எழப்போவதாக நீங்கள் உறுதி எடுத்துக்கொண்டது போலக் கேட்கும். ‘வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதை மாற்றி ‘ஐ ஆம் ஒர்க்கிங் இன் எ பேங்க்’ என்றால், அது இப்போதைக்கு மட்டும் இருக்கும் தற்காலிக வேலை என்ற சாயல் வந்துவிடும். வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. கேட்பவர் மனதில் பதியும் செய்திதான் மாறிப்போகிறது. நிரந்தர வேலையில் இருப்பவர் ‘ஐ ஒர்க் இன் எ பேங்க்’ என்றே சொல்ல வேண்டும். ‘ஐ கெட் அப் அட் சிக்ஸ்.’ அவ்வளவுதான். ஆங்கிலத்தில் வழக்கத்தைச் சொல்ல வினைச்சொல்லின் வெறும் வடிவமே போதும் என்பதை நம்புவது தொடக்கத்தில் கடினமாக இருக்கும். ஏதோ குறைகிறது என்று தோன்றி ‘ஆம்’ ஒன்றையும் ‘இங்’ (ஐஎன்ஜி) ஒன்றையும் சேர்த்துவிடுவோம். அந்த உந்துதலை அடக்கப் பழக வேண்டும்.

ஒரு சிறு சோதனை உதவும். சொல்ல நினைக்கும் தமிழ் வாக்கியத்தின் முடிவில் ‘வழக்கம்’ என்ற சொல்லைப் பொருத்திப் பாருங்கள். ‘ஆறு மணிக்கு எழுவது என் வழக்கம்.’ பொருந்துகிறது, எனவே சிம்பிள் பிரசென்ட். ‘பஸ்ஸுக்காகக் காத்திருப்பது என் வழக்கம்.’ இப்போது நிறுத்தத்தில் நிற்பதைச் சொல்ல வந்தவருக்கு இது பொருந்தாது, எனவே கன்டினியூயஸ். தமிழில் ‘கிறேன்’ வருகிறதா, ‘வேன்’ வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் வழி தவறிவிடும். விஷயம் வழக்கமா, இந்த நேரத்து நிலைமையா என்று மட்டும் பாருங்கள்.

ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். இரவுப் பணியில் இருக்கும் ஒரு செவிலியர். ‘ஷி இஸ் எ நர்ஸ். ஷி ஒர்க்ஸ் அட் நைட். ஷி கம்ஸ் ஹோம் அட் எய்ட் இன் த மார்னிங். ஷி ஸ்லீப்ஸ் அண்டில் டூ.’ இது அவருடைய வாழ்க்கை முறை. இந்த வாரம் மட்டும் அவருக்குப் பகலில் பயிற்சி வகுப்பு. ‘திஸ் வீக் ஷி இஸ் அட்டெண்டிங் எ டிரெய்னிங் கோர்ஸ். ஷி இஸ் கெட்டிங் அப் அட் சிக்ஸ்.’ இந்த வாரம் முழுவதும் அவர் ஆறு மணிக்கு எழுகிறார். திரும்பத் திரும்ப நடக்கிற செயல்தான். இருந்தும் ‘ஷி கெட்ஸ் அப்’ என்று சொல்லவில்லை. அது தற்காலிகமானது, அடுத்த வாரம் பழைய முறைக்குத் திரும்பிவிடுவார் என்பதால் ‘இஸ் கெட்டிங் அப்’ வந்திருக்கிறது. கன்டினியூயஸ் என்றால் இந்த நொடியில் நடப்பது என்று மட்டும் பலர் படித்திருப்பார்கள். இந்த நாட்களில், இந்த மாதத்தில், இப்போதைக்கு என்று எல்லை கட்டிய காலத்துக்கும் அதே வடிவம் வரும். இந்த வாக்கியத்தைச் சொல்லும் நேரத்தில் அந்தச் செவிலியர் தூங்கிக்கொண்டிருந்தாலும் வாக்கியம் சரியே.

ஆங்கிலமும் இந்தப் பிரிவினையை எல்லாக் காலத்திலும் இவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்ததில்லை. 1600-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், புத்தகமும் கையுமாக வரும் ஹாம்லெட்டைப் பார்த்து பொலோனியஸ் ‘வாட் டூ யூ ரீட், மை லார்ட்?’ என்று கேட்கிறார். இன்று அதே காட்சியில் ‘வாட் ஆர் யூ ரீடிங்?’ என்றுதான் யாரும் கேட்பார்கள். ‘ஐஎன்ஜி’ வடிவம் இன்றைய இடத்தைப் பிடித்தது பின்னால்தான். ஆங்கிலத்துக்கே படிப்படியாகப் படிந்த ஒரு வேறுபாடு நம் நாவில் படியவும் சிறிது காலம் எடுத்தால் மனம் தளர வேண்டாம்.

செவிலியரைப் பற்றிய வாக்கியங்களில் ‘ஒர்க்ஸ்’, ‘கம்ஸ்’, ‘ஸ்லீப்ஸ்’ என்று ஒவ்வொரு வினையின் முடிவிலும் எஸ் வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவன், அவள், அது, அல்லது ஒருவரின் பெயர் எழுவாயாக வந்தால் சிம்பிள் பிரசென்டில் இந்த எஸ் கட்டாயம். விதி ஒரு வரிதான். பேசும்போது மறந்துபோவதுதான் தொல்லை. ‘செய்கிறேன், செய்கிறான், செய்கிறாள், செய்கிறார்கள்’ என்று தமிழில் ஆளுக்கு ஆள் விகுதி மாற்றிப் பழகிய நமக்கு ஒரே ஓர் எஸ் பெரிய பாரமில்லை. ஆனால் அது ஒலியில் மிகச் சிறியது என்பதால் நழுவிவிடுகிறது. ஆகவே அதைக் காதால் பழக வேண்டும். ‘ஒர்க்ஸ்’, ‘ஸ்லீப்ஸ்’ என்பவற்றில் மெல்லிய ஸ் ஒலி. ‘லிவ்ஸ்’, ‘ரீட்ஸ்’, ‘கோஸ்’ ஆகியவற்றில் தொண்டை அதிரும் ஒலி. ‘வாட்சஸ்’, ‘வாஷஸ்’ போன்றவற்றில் ஓர் அசையே கூடிவிடும். ‘ஸே’ என்பது எஸ் சேர்ந்ததும் ‘செஸ்’ என்று ஒலிக்கும். ‘ஸேஸ்’ என்று சொல்வதில்லை. ‘ஹேவ்’ என்பது ‘ஹேஸ்’ ஆகிவிடும்.

கேள்வியிலும் மறுப்பிலும் இந்த எஸ் இடம் மாறும். ‘டஸ் ஷி ஒர்க் அட் நைட்?’ ‘ஷி டஸன்ட் ஒர்க் ஆன் சண்டேஸ்.’ ‘டஸ்’ என்ற துணைவினை எஸ்ஸைத் தன்னிடம் வாங்கிக்கொள்வதால் ‘ஒர்க்’ வெறுமனே நிற்கிறது. ‘டஸ் ஷி ஒர்க்ஸ்?’ என்று இரண்டு இடத்திலும் வைக்கக் கூடாது. நான், நீ, நாம், அவர்கள் என்றால் ‘டூ’, ‘டோன்ட்’. இதில் அதிகம் விளக்க ஒன்றுமில்லை. பத்துக் கேள்விகளை வாய்விட்டுக் கேட்டால் பழகிவிடும்.

வழக்கத்தைப் பற்றிப் பேசும்போது ‘எத்தனை தடவை’, ‘எப்போதாவது’ என்பன போன்ற சொற்கள் தவறாமல் வரும். ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லி, நெவர் என்பவை, எப்போதும் என்பதில் தொடங்கி ஒருபோதும் இல்லை என்பது வரை இறங்குவரிசையில் நிற்பவை. இவை வினைச்சொல்லுக்கு முன்னால் வரும்: ‘ஐ யூஷுவலி வாக் டு ஒர்க்.’ ஆம், இஸ், ஆர் இருந்தால் அவற்றுக்குப் பின்னால் வரும்: ‘ஐ ஆம் ஆல்வேஸ் டயர்ட் ஆன் ஃபிரைடேஸ்.’ ‘எவ்ரி டே’, ‘ட்வைஸ் எ வீக்’ போன்ற தொடர்கள் பொதுவாகக் கடைசியில் போய் உட்காரும். ‘நெவர்’ என்பதிலேயே மறுப்பு இருக்கிறது. ‘ஐ டோன்ட் நெவர்’ என்று இரட்டை மறுப்பு வைக்காதீர்கள். இந்தச் சொற்களைக் கண்டாலே பெரும்பாலும் சிம்பிள் பிரசென்ட் என்று முடிவு செய்துவிடலாம். ஒரு விலக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். ‘ஹி இஸ் ஆல்வேஸ் லூசிங் ஹிஸ் கீஸ்’ என்பதில் ‘ஆல்வேஸ்’ இருந்தும் ‘ஐஎன்ஜி’ வருகிறது. சாவியை எப்போது பார்த்தாலும் தொலைத்துக்கொண்டே இருக்கிறான் என்ற சலிப்பு அதில் தொனிக்கிறது. தமிழிலும் அந்த இடத்தில் ‘கொண்டே இருக்கிறான்’ என்றுதானே வருகிறது!

இப்போது ‘ஐஎன்ஜி’ ஏற்காத வினைச்சொற்களுக்கு வருவோம். ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் வான்டிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பவை நம்மவர் பேச்சில் அடிக்கடி காதில் விழும் பிழைகள். அறிதல், விரும்புதல், உடைமை போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகள் கன்டினியூயஸ் வடிவத்தில் வராது என்று இலக்கண நூல்கள் நீண்ட பட்டியல் தருகின்றன. தமிழ் தெரிந்தவருக்கு அந்தப் பட்டியலின் பெரும்பகுதி தேவையே இல்லை. நம் மொழியே வழி காட்டுகிறது. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது, எனக்கு ஞாபகம் இருக்கிறது, எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். எல்லாம் ‘எனக்கு’ என்று தொடங்குகின்றன. இவற்றுக்கு ஆங்கிலத்தில் நோ, லைக், வான்ட், அண்டர்ஸ்டாண்ட், ரிமெம்பர், ஹேவ். இவற்றில் ‘ஐஎன்ஜி’ சேர்க்காதீர்கள். ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. ‘ஐ ஆம் நோயிங்’ என்பதும் ஆங்கிலேயர் காதில் அதே அளவுக்கு விசித்திரமாக விழுகிறது.

ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு விதமாக வரும் இடங்களிலும் இந்த வழி கைகொடுக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. ‘எனக்கு அப்படித் தோன்றுகிறது’ என்றால் ‘ஐ திங்க் ஸோ.’ ‘யோசித்துக்கொண்டிருக்கிறேன்’ என்றால் ‘ஐ ஆம் திங்கிங்.’ ‘எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்’ என்றால் ‘ஐ ஹேவ் எ சிஸ்டர்.’ ‘மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்.’ காய்ச்சல் அடிப்பதும் நமக்கு ‘எனக்கு’தான், ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’. இந்த வழி எல்லா இடத்திலும் செல்லும் என்று சொல்ல மாட்டேன். ‘எனக்கு வயதாகிறது’ என்பது ‘ஐ ஆம் கெட்டிங் ஓல்டர்’ என்று ‘ஐஎன்ஜி’யோடு வரும். ‘நம்புகிறேன்’ என்பதில் ‘எனக்கு’ இல்லை. இருந்தும் ‘ஐ பிலீவ்’ என்பதே சரி. இப்படிச் சிலவற்றைத் தனியே கற்றுக்கொள்ள வேண்டும். அப்படியானால் மெக்டொனால்ட்ஸ் 2003-இல் தொடங்கிய ‘ஐ ஆம் லவ்விங் இட்’ விளம்பரம் எப்படி என்று கேட்கலாம். இந்தக் கணத்தில் அனுபவித்து ரசிக்கிறேன் என்ற துள்ளலுக்காக விதியை வளைத்த பேச்சு வழக்கு அது. விதி கைவந்த பிறகு அப்படி வளைக்கலாம். பழகும் காலத்தில் ‘ஐ லவ் இட்’ என்றே சொல்லுங்கள்.

வாழ்க்கை முறையைப் பற்றிப் பேச்சு வளர்ந்தால், ‘எவ்வளவு காலமாக?’ என்ற கேள்வி எப்படியும் வந்து நிற்கும். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ‘மூன்று வருடங்களாக இங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று தமிழில் சொல்வதால், ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் வந்துவிடுகிறது. இதில் இரண்டு பிழைகள். நேற்றுத் தொடங்கி இன்று வரை நீளும் செயலுக்கு ஆங்கிலம் ‘ஹேவ் பீன்’ கேட்கிறது. மூன்று வருடங்கள் என்ற கால அளவுக்கு ‘ஃபார்’ வர வேண்டும். தொடங்கிய புள்ளிக்குத்தான் ‘சின்ஸ்’. எனவே ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ அல்லது ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021’. இதற்குப் பிரசென்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ் என்று பெயர். ‘எனக்கு’ வகை வினைகளில் இங்கேயும் ‘ஐஎன்ஜி’ வராது: ‘ஐ ஹேவ் நோன் ஹர் ஃபார் டென் இயர்ஸ்.’ அதுதான் பிரசென்ட் பெர்ஃபெக்ட். எப்போது என்று சொல்லாமல் அனுபவத்தைச் சொல்லவும் அது வரும்: ‘ஐ ஹேவ் டிரைட் யோகா.’ ‘எஸ்டர்டே’ என்று நாளைக் குறிப்பிட்டுவிட்டால் இந்த வடிவத்தை விட்டுவிட்டு ‘ஐ டிரைட் யோகா எஸ்டர்டே’ என்று இறந்தகாலத்துக்குப் போய்விட வேண்டும். தொடக்கநிலையில் இவ்வளவு தெரிந்தால் போதுமானது. முதல் இரண்டு வடிவங்களும் தடுமாறாமல் வரும்வரை இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

பயிற்சிக்கு வருகிறேன். உங்களைப் பற்றிய உண்மையான வாக்கியங்களை மட்டும் எழுதுங்கள். ‘ஐ கெட் அப் அட் ஃபைவ்’ என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக ஏழு மணிக்கு எழுபவர் அதை எழுதக் கூடாது. உண்மையான வாக்கியத்தை நாளை தொலைபேசியில் ஒருவரிடம் சொல்ல நேரலாம். பொய்யான வாக்கியத்தைச் சொல்லும் வாய்ப்பே வராது. எழுவதிலிருந்து படுப்பது வரை எட்டுப் பத்து வாக்கியங்கள் வந்தால் நல்லது. எழுதி முடித்ததும் அதையே வீட்டில் இருக்கும் இன்னொருவரைப் பற்றி மாற்றி எழுதுங்கள்: ‘மை மதர் கெட்ஸ் அப் அட் ஃபைவ்.’ வினைக்கு வினை எஸ் சேர்ந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். பிறகு அவரிடம் கேட்பது போலக் கேள்விகள் எழுதுங்கள்: ‘டூ யூ வாட்ச் த நியூஸ்?’ ‘ஹௌ ஆஃபன் டூ யூ எக்சர்சைஸ்?’ பதில் மட்டுமே பழகுபவர்கள் உரையாடலில் திணறுகிறார்கள். கேள்வியைத் தொடுக்கத் தெரிந்தவருக்குப் பேச்சு நீளும்.

இரண்டு வடிவங்களையும் பிரித்துப் பழக, வாக்கியங்களை ஜோடியாக எழுதுவது சிறந்த முறை. முதலில் ‘யூஷுவலி’, அடுத்து ‘திஸ் வீக்’ அல்லது ‘டுடே’. ‘ஐ யூஷுவலி டேக் த பஸ், பட் திஸ் வீக் ஐ ஆம் சைக்கிளிங்.’ ‘ஷி யூஷுவலி ரீட்ஸ் இன் த ஈவினிங், பட் டுடே ஷி இஸ் வாட்சிங் எ மூவி.’ நடுவில் இருக்கும் ‘பட்’ தான் இதில் ஆசிரியர். வழக்கத்திலிருந்து இன்றைய நிலைமை விலகுகிற இடத்தை அது தொட்டுக் காட்டுகிறது. அந்த இடத்தில்தான் வினையின் வடிவமும் மாறுகிறது. நாளொன்றுக்கு மூன்று ஜோடிகள் எழுதினாலே நல்ல பலன் தெரியும்.

எழுதச் சலிப்பாக இருக்கும் நாட்களில், செய்தித்தாளிலோ போனிலோ மனிதர்கள் இருக்கும் ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் தெரிவதை எல்லாம் ‘இங்’ வடிவத்தில் சொல்லுங்கள்: ‘ஹி இஸ் ரன்னிங். ஹி இஸ் வேரிங் பிளாக் ஷூஸ்.’ பிறகு படத்தில் தெரியாததை ஊகித்து சிம்பிள் பிரசென்டில் சொல்லுங்கள்: ‘ஐ திங்க் ஹி ரன்ஸ் எவ்ரி மார்னிங். ஹி ப்ராபப்ளி லிவ்ஸ் நியர் எ பார்க்.’ கண்ணுக்குத் தெரிவது ஒரு வடிவத்திலும், அந்த மனிதரின் வாழ்க்கை இன்னொரு வடிவத்திலும் வரும். நண்பர் ஒருவர் கூட இருந்தால் ‘டஸ் ஹி லிவ் அலோன்?’, ‘வாட் டைம் டஸ் ஹி கெட் அப்?’ என்று கேட்கச் சொல்லி, நீங்கள் பதில் சொல்லுங்கள். அடுத்த படத்துக்கு இருவரும் இடம் மாறிக்கொள்ளுங்கள்.